வாயிலில் காத்திருந்த சிறுவன்

ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றை வகுத்தளித்தவர் சாமுவேல் ஜான்சன். கவிஞர், கட்டுரையாளர், திறனாய்வாளர், வாழ்க்கை வரலாற்றாசிரியர் எனப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இலக்கிய உலகில் தலைமை பெற்று விளங்கியவர். அவர் எழுதிக் குவித்தவற்றைக் காண்போர், விடியலில் எழுந்து, குறித்த நேரத்தில் மேசைமுன் அமர்ந்து, ஒழுங்காக உழைத்த ஒருவரையே மனத்தில் உருவகித்துக்கொள்வர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவர் பல நாள்களில் நண்பகல் கடந்த பின்னரே படுக்கையை விட்டு எழுந்தார். இன்று தொடங்க வேண்டியதை நாளைக்கு என்றும், நாளைக்குரியதை மறுவாரத்திற்கு என்றும் ஒத்திவைத்தார். அதற்காகத் தம்மையே ஓயாது நொந்துகொண்டார்.

1729ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இருபது வயது நிரம்பிய மாணவராக இருந்தபோது, சோம்பலுக்கு விடைகொடுத்துவிட்டதாக இலத்தீன் மொழியில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். கொடுத்த விடை நிலைக்கவில்லை. முதுமையிலும் அதே உறுதிமொழியை வேறு வேறு சொற்களில் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால், அந்த இடைக்காலத்தில்தான் 40,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியும், 208 இதழ்கள் வெளிவந்த கட்டுரைத் தொடரும், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பும், 52 கவிஞர்களின் வரலாறும் உருவாயின. தள்ளிப்போடும் இயல்பு இறுதிவரை நீங்காத ஒருவரால் இவ்வளவும் எவ்வாறு எழுத முடிந்தது என்பதே அவருடைய வாழ்க்கை எழுப்பும் வினா.

புத்தகக் கடையில் வளர்ந்தவர்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுஷயர் பகுதியிலுள்ள லிச்ஃபீல்டு என்னும் சிறுநகரில், 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வணிகர், தாய் சாரா. மகன் பிறந்தபோது தந்தைக்கு 52 வயது, தாய்க்கு 40 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே ஜான்சனைக் கண்டமாலை நோய் பற்றியது. அதன் தழும்புகள் மறையவேயில்லை. ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று; ஒரு காதும் மந்தமாயிற்று. அரசரோ அரசியோ கையால் தொட்டால் அந்நோய் தீரும் என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே தாய் அக்குழந்தையை 1712ஆம் ஆண்டில் இலண்டனுக்குத் தூக்கிச் சென்று, ஆன் அரசியின் முன் நிறுத்தினார். நோய் தீரவில்லை. அரசி அணிவித்த சிறு பதக்கத்தை மட்டும் ஜான்சன் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

வீட்டின் கீழ்த்தளத்திலேயே தந்தையின் கடை இருந்தது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு நூல்களுக்குப் பஞ்சமில்லை. தம்பி ஒளித்துவைத்திருக்கும் ஆப்பிள்களைத் தேடி ஒருநாள் மேலடுக்கில் கைவிட்ட சிறுவன் ஜான்சனுக்கு ஆப்பிள் கிடைக்கவில்லை. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் நூலொன்று கையில் அகப்பட்டது. பசியை மறந்து அதைப் படிக்கத் தொடங்கிவிட்டான். அவருடைய வாசிப்பு பெரும்பாலும் இவ்வகையில் அமைந்ததே. திட்டமிட்டுப் படிப்பதில்லை, கைக்கு அகப்பட்டதை வெறிகொண்டு படிப்பார், ஆர்வம் தணிந்ததும் பாதியில் வைத்துவிடுவார். இந்தப் பழக்கம் பரந்த அறிவை அவருக்குத் தந்தது. ஒரே வேலையில் நாள்தோறும் ஊன்றி நிற்கும் பயிற்சியைத் தரவில்லை.

1728ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். கிழிந்த காலணியோடு நடந்த அந்த ஏழை மாணவரின் நிலையைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர், புதிய காலணிகளை அவருடைய அறை வாயிலில் வைத்துச் சென்றனர். ஜான்சன் அவற்றைச் சினந்து தூக்கி எறிந்தார். பதின்மூன்று மாதங்களில் பணம் தீர்ந்தது. பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பியவரைக் கடுமையான மனச்சோர்வு பற்றிக்கொண்டது. நகரக் கடிகாரத்தை உற்றுப் பார்த்தும் மணி என்ன என்று உணர இயலாத அளவுக்கு அவர் செயலிழந்து கிடந்த நாள்கள் உண்டு. அச்சோர்வை உதறுவதற்காக லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்ஹாம் வரை நடந்தே சென்று திரும்பினார். இந்நிலையைச் சோம்பல் என்றே அவர் வாழ்நாள் முழுவதும் பெயரிட்டு, ஒழுக்கக் குறையாக எண்ணித் தம்மைத் தண்டித்துக்கொண்டார். அதில் ஒரு பகுதியேனும் நோய் என்பதை இன்று எவரும் எளிதில் உணர்வர். தம்மிடம் அவர் காட்டிய கடுமை, அவருக்கு உதவியதைவிடத் தீங்கு செய்ததே மிகுதி எனலாம்.

படுக்கையில் பிறந்த முதல் நூல்

1731ஆம் ஆண்டு தந்தை காலமானார். குடும்பத்தின் வறுமை முற்றியது. பள்ளியொன்றில் துணையாசிரியராகச் சேர்ந்த ஜான்சன், அவ்வேலையை வெறுத்துச் சில மாதங்களிலேயே விட்டு விலகினார். பின்னர்ப் பர்மிங்ஹாமில் வாழ்ந்த பள்ளித் தோழர் எட்மண்டு ஹெக்டரிடம் சென்று தங்கினார்.

போர்ச்சுக்கீசியத் துறவி ஜெரோம் லோபோ அபிசீனிய நாட்டுக்குச் சென்று எழுதிய பயண நூலின் பிரெஞ்சு வடிவத்தை ஜான்சன் முன்பே படித்திருந்தார். அதனை ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்தால் விற்பனையாகும் என்று ஹெக்டரும், வாரன் என்னும் பதிப்பாளரும் அவரைத் தூண்டினர். ஜான்சன் ஒப்புக்கொண்டார். முதற்பகுதி அச்சுக்கூடம் சென்றது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பம் இருந்தது, மொழியறிவு இருந்தது, வெளியிடுவதற்கு ஆளும் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் படுக்கையை விட்டு எழவில்லை.

நூலை நயந்து பேசியும், புகழ் வரும் என்று ஆசை காட்டியும் பயனில்லை என்பதை ஹெக்டர் உணர்ந்தார். அச்சுவேலை செய்பவர் இந்த நூல் முடியும்வரை வேறு வேலை எடுக்க இயலாது. அவருடைய குடும்பம் வருமானமின்றித் துன்புறுகிறது என்று ஜான்சனிடம் சென்று சொன்னார். அச்சொல் தைத்தது. ஜான்சன் எழுந்துவிடவில்லை, ஆனால், படுத்த நிலையிலேயே பெரிய பிரெஞ்சு நூலைத் தம்முன் விரித்து வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினார். ஹெக்டர் அருகில் அமர்ந்து எழுதினார். எழுதியதைப் படியெடுத்து அச்சுக்கூடத்தில் சேர்த்தவரும் அவரே. 1735ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. ஜான்சனுக்குக் கிடைத்த ஊதியம் ஐந்து கினி.

இந்நிகழ்ச்சி சிறியதாயினும் ஜான்சனின் எழுத்து வாழ்க்கைக்குரிய திறவுகோல் இதில் உள்ளது. தமக்குப் புகழ் வேண்டும் என்பதற்காக அவர் எழுந்ததில்லை. தம்முடைய தாமதத்தால் வேறொருவர் காத்துக்கிடக்கிறார் என்று அறிந்தபோது அவரால் சும்மா இருக்க இயலவில்லை.

இலண்டன் வாழ்க்கை

அதே ஆண்டில், தம்மைவிட இருபது வயது மூத்த எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை ஜான்சன் மணந்தார். எடியல் என்னுமிடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார், மாணவர் சேரவில்லை. சேர்ந்த சிலருள் ஒருவரான டேவிட் கேரிக், பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்மிக்க நடிகரானார். 1737ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே இலண்டனுக்குப் புறப்பட்டனர். ஜான்சனின் கையில் எழுதி முடிக்கப்படாத 'ஐரீன்' என்னும் துன்பியல் நாடகம் இருந்தது. அந்நாடகம் மேடையேறியது 1749ஆம் ஆண்டில்தான்.

நாடகம் காத்துக்கிடந்தாலும் இதழ்ப்பணி காத்திருக்கவில்லை. எட்வர்டு கேவ் நடத்திய 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் மாத இதழில் ஜான்சன் எழுதத் தொடங்கினார். நாடாளுமன்ற விவாதங்களை வெளியிடத் தடை இருந்த காலம் அது. பிறர் கொண்டுவந்த சிறு குறிப்புகளைக் கொண்டு, கற்பனை நாடொன்றின் அவையில் நடந்தனவாக அவ்விவாதங்களை அவர் மிக விரைவாக எழுதித் தந்தார். நண்பர் ரிச்சர்டு சாவேஜின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, இரவு முழுவதும் விழித்திருந்து, அச்சில் 48 பக்கங்கள் வரும் பகுதியை ஒரே அமர்வில் எழுதினார். தொடங்குவதற்கு முன்புதான் அவர் மந்தமானவர். தொடங்கிய பின்னர் அவருக்கு நிகரான விரைவுடையோர் அரியர்.

ஒன்பது ஆண்டு உழைப்பு

1746ஆம் ஆண்டில், இலண்டன் புத்தக வணிகர்கள் சிலர் ஒன்றுகூடி ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்துத் தருமாறு ஜான்சனிடம் ஒப்பந்தம் செய்தனர். தொகை 1,575 பவுண்டு. உதவியாளர்களின் ஊதியமும் அதற்குள்ளேயே அடங்கும். மூன்றாண்டுகளில் முடித்துவிடுவதாக ஜான்சன் உறுதியளித்தார். பிரெஞ்சு மொழிக் கழகத்தின் நாற்பது அறிஞர் நாற்பது ஆண்டுகள் உழைத்துச் செய்த பணி அன்றோ என்று நண்பர் ஒருவர் வியந்தபோதும், தம்முடைய கணக்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பணியைத் தள்ளிப்போடுவோர் பலரிடமும் காணப்படும் இயல்பு இது. தமக்குரிய வேலையின் அளவை அவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவர்.

இலண்டனின் கஃப் சதுக்கத்தில் எடுத்த வாடகை வீட்டின் மேல்மாட அறை அகராதிக் கூடமாயிற்று. படியெடுப்போர் அறுவர் அங்கே பணியாற்றினர். அவருள் ஐவர் ஸ்காட்லாந்தினர். ஜான்சன் நூல்களைப் படித்துக்கொண்டே செல்வார். ஒரு சொல் நன்கு ஆளப்பட்டிருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் எழுதுவார். உதவியாளர்கள் அத்தொடரைத் தனித்தாளில் படியெடுத்து அகரவரிசையில் அடுக்குவர். மாபெரும் பணியொன்று இவ்வாறு சின்னஞ்சிறு வேலைகளாகப் பிரிந்துவிட்டது. அகராதி எழுதுகிறோம் என்னும் மலைப்பு, அடுத்த பக்கத்தைப் படிப்போம் என்னும் எளிய செயலுக்குள் மறைந்தது. தவிர, கீழிறங்கி வராவிட்டாலும் மேலே ஆறுபேர் தமக்காகக் காத்திருக்கின்றனர் என்னும் எண்ணம் அவரைத் துரத்தியது.

மூன்றாண்டுகள் ஒன்பதாயின. அவை முழுவதும் சோம்பலில் கழிந்தவை அல்ல. முதலில் வகுத்த முறை பயன்படாமற்போய், பாதி வேலையை மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. 1752ஆம் ஆண்டில் மனைவி இறந்தார்; அத்துயரிலிருந்து அவர் மீள நெடுங்காலமாயிற்று. இறுதித் தாள்கள் சென்று சேர்ந்தபோது, பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லர் இனி இவரோடு தொல்லை இல்லை எனக் கடவுளுக்கு நன்றி கூறினாராம். அதைத் தூதுவன் வந்து சொன்னபோது, அவர் கடவுளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொண்டது குறித்து மகிழ்ச்சி எனச் சிரித்தாராம் ஜான்சன். 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. பட்டம் பெறாமல் வெளியேறியவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் வழங்கியது.

செவ்வாயும் சனியும்

அகராதிப் பணியின் நடுவிலேயே ஜான்சன் தமக்கு மற்றொரு தளையையும் பூட்டிக்கொண்டார். 1750ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் 'தி ராம்ப்ளர்' என்னும் கட்டுரை இதழைத் தொடங்கினார். செவ்வாய்தோறும் சனிதோறும் ஒரு கட்டுரை; ஊதியம் இரண்டு கினி. இரண்டு ஆண்டுகளில் 208 இதழ்கள் வெளிவந்தன. மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தும் அவர் ஒருவரே எழுதியவை. ஒருமுறையேனும் இதழ் நின்றதில்லை.

அவர் திருந்திவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. நாளை வெளிவர வேண்டிய கட்டுரையை இன்றுதான் எழுதுவார். அச்சகச் சிறுவன் வந்து வாயிலில் நிற்பான். முதற்பாதியை அவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அது அச்சுக்கோக்கப்படும் நேரத்தில் மறுபாதியை எழுதுவதும் உண்டு. பெரும்பாலான கட்டுரைகளை அவர் திரும்பப் படித்துப் பார்க்காமலே அனுப்பினார் என்பர்.

1751ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த 134ஆம் இதழின் பொருள், தள்ளிப்போடுதல் என்பதே. முந்தைய நாள் காலையில் எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணிக்கொண்டு அமர்ந்ததையும், ஒன்றைத் தொட்டு மற்றொன்றுக்கு மனம் தாவித் தாவி நேரம் கழிந்ததையும், அச்சகத்திலிருந்து வந்த அழைப்பு அக்கனவைக் கலைத்ததையும் அதில் அவர் மறைக்காமல் எழுதினார். எழுத இயலாமல் அலைந்த அலைச்சலே எழுதும் பொருளாயிற்று. தவிர்க்க முடியாத இடரை அஞ்சி விலகுவதைவிட எதிர்சென்று சந்திப்பதே அறிவுடைமை என்றும், இடர் தரும் துன்பத்தோடு அதனை எதிர்நோக்கியிருக்கும் துன்பத்தையும் மனிதர் வீணே சேர்த்துக்கொள்கின்றனர் என்றும் அக்கட்டுரை விளக்குகிறது. தம் நோயைத் தாமே அறுத்துப் பார்த்த மருத்துவரின் தெளிவு அதில் உண்டு.

பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால் எந்த நேரத்திலும் எழுதலாம் என்று பிற்காலத்தில் அவர் நண்பர்களிடம் கூறினார். உள்ளக்கிளர்ச்சி வரட்டும் என்று காத்திருப்பதை அவர் ஏற்கவில்லை. 1758ஆம் ஆண்டு முதல் 'தி ஐட்லர்' என்னும் பெயரில் வாரக் கட்டுரைகள் எழுதினார். அப்பெயருக்குச் சோம்பியிருப்பவன் என்பது பொருள். தம்மையே எள்ளி வைத்த பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்த ஒரு மாலையில், அஞ்சல் புறப்பட எவ்வளவு நேரம் உள்ளது என்று நண்பர் லாங்டனிடம் கேட்டார். அரைமணி நேரம் என்று விடை வந்ததும் அமர்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடித்தார். லாங்டன் அதைப் படிக்க விரும்பியபோது, தாமே படிக்கவில்லை என்று கூறி மடித்து அனுப்பிவிட்டார்.

சென்று காணாத தாய்

எழுத்தைப் பொறுத்தவரை தாமதத்துக்கு ஒரு மாற்று இருந்தது. எழுதாத கட்டுரையை அடுத்த வாரம் எழுதிவிடலாம். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அவ்வாறு மாற்று இல்லை.

ஜான்சனின் தாய் சாரா லிச்ஃபீல்டிலேயே புத்தகக் கடையை நடத்திக்கொண்டு வாழ்ந்தார். நோயுற்ற குழந்தையைத் தோளிற் சுமந்து இலண்டன் வந்த அத்தாயை, இலண்டனில் குடியேறிய மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சென்று காணவில்லை. அன்பு இல்லாமலில்லை. கடிதம் எழுதினார், இயன்றபோது பணம் அனுப்பினார். போக வேண்டும் என்னும் எண்ணமும் ஆண்டுதோறும் இருந்தது. அகராதி முடியட்டும், கடன் தீரட்டும், கோடை வரட்டும் என்று பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று.

1759ஆம் ஆண்டு சனவரியில் தாய் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. தாயின் வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. பதறிய ஜான்சன் கடன் வாங்கிப் பணம் அனுப்பினார். மன்னிப்பும் வாழ்த்தும் வேண்டிக் கடிதங்கள் எழுதினார். விரைவில் வருவதாகவும் எழுதினார். அவர் புறப்படுமுன் தாயின் உயிர் பிரிந்துவிட்டது.

இறுதிச் சடங்குச் செலவுக்கும் தாய் விட்டுச் சென்ற சிறு கடன்களுக்கும் பணம் வேண்டும். அந்தத் துயர நாள்களில், ஒரே வாரத்தின் மாலை வேளைகளில் அவர் ஒரு கதை நூலை எழுதி முடித்தார். எழுத எழுதப் பகுதி பகுதியாக அது அச்சுக்கூடம் சென்றது. கிடைத்தது 100 பவுண்டு. 'ராசெலஸ்' என்று இன்று வழங்கும் அந்நூல், ஆங்கில உரைநடையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கதைத்தலைவன் அபிசீனிய நாட்டு இளவரசன். பர்மிங்ஹாமில் படுக்கையில் கிடந்து மொழிபெயர்த்த அதே நாடு, கால் நூற்றாண்டு கழித்துக் கதைக்களமாக வந்து நின்றது. இன்ப வாழ்வு நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றில் அடைபட்டிருக்கும் ராசெலஸ், வெளியேறி உலகைக் காண விரும்புகிறான். வெளியேறினால் என்னென்ன செய்யலாம் என்று எண்ணி மகிழ்வதிலேயே இருபது மாதங்கள் கழிகின்றன. இவ்வளவு காலம் வீணாயிற்றே என்று விழித்துக்கொண்டவன், இனி ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்று உறுதி செய்வதிலேயே மேலும் நான்கு மாதங்களைப் போக்குகிறான். பீங்கான் கிண்ணத்தை உடைத்துவிட்ட பணிப்பெண் ஒருத்தி, சரிசெய்ய இயலாததற்கு வருந்திப் பயனில்லை என்று இயல்பாகச் சொல்வதைக் கேட்ட பிறகே அவனுக்குத் தெளிவு பிறக்கிறது. தாயை இழந்த அந்த வாரத்தில் இப்பகுதியை எழுதியவரின் மனநிலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைக் கற்போர் உய்த்துணரலாம்.

காலக்கெடு இல்லாத பணி

அகராதி பெரும்புகழ் தந்ததே தவிர வறுமையைப் போக்கவில்லை. 1756ஆம் ஆண்டில் ஆறு பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக ஜான்சன் பிடிக்கப்பட்டார். புதின ஆசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். அவ்வாண்டிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திருத்தமாகப் பதிப்பிக்கும் திட்டத்தை ஜான்சன் அறிவித்தார். 1757ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்குள் நூல் வரும் என்று உறுதி கூறி, வாங்க விரும்புவோரிடம் முன்பணம் பெற்றார்.

இங்கே வாயிலில் நிற்கச் சிறுவன் இல்லை. பணமோ முன்னரே வந்துவிட்டது. கிறிஸ்துமசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. 1762ஆம் ஆண்டில் அரசு ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை வழங்கியதால் வறுமையின் தூண்டுதலும் நீங்கிற்று. முன்பணம் தந்தோர் பட்டியலை நூலில் அச்சிடுவீர்களா என்று கேட்ட ஒருவரிடம், பெயர்ப்பட்டியல் தொலைந்துவிட்டது, பணமும் செலவாகிவிட்டது என்று ஜான்சன் ஒளிவின்றிக் கூறினார். கவிஞர் சார்லஸ் சர்ச்சில், பணத்தைப் பெற்றுக்கொண்டு நூலைத் தராதவர் என்று அங்கதச் செய்யுளில் அவரைக் குத்திக்காட்டினார். நண்பர்களோ, குறித்த நாளுக்குள் முடிப்பதாகப் பந்தயத்தில் அவரைப் பிணைத்தனர் என்பர். பழியும் நட்பும் சேர்ந்து தள்ளியபின், 1765ஆம் ஆண்டு அக்டோபரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. அதன் முன்னுரை ஷேக்ஸ்பியர் திறனாய்வில் இன்றும் போற்றப்படுகிறது. எட்டு ஆண்டுத் தாமதத்தை அந்த முன்னுரை ஈடுசெய்துவிட்டதாகச் சொல்வோர், காத்திருந்து காத்திருந்து நூலைக் காணாமலே இறந்துபோனோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்குறிப்பில் நடந்த போர்

புத்தாண்டு, உயிர்ப்பு ஞாயிறு, பிறந்தநாள் ஆகிய நாள்களில் தம் வாழ்வைத் தணிக்கை செய்வது ஜான்சனின் வழக்கம். 1764ஆம் ஆண்டு பிறந்தநாளில், இத்தனை ஆண்டுகளும் உறுதிமொழி எடுப்பதிலேயே கழிந்தன. செய்தது ஒன்றுமில்லை என்று எழுதினார். பேரகராதியை முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆன பின்னர் எழுதிய குறிப்பு இது என்பது கருதத்தக்கது. அதே நாளில் இனி ஆறு மணிக்கு எழுவதாகவும் உறுதி செய்தார். மறு ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று அந்த உறுதி எட்டு மணியாகத் தளர்ந்தது. எட்டு மணி என்பது விடியல் அன்று. எனினும், பிற்பகல் இரண்டு மணிவரை படுத்துக் கிடப்பதைவிட அது முந்தியதே என்று அவரே காரணமும் எழுதிவைத்தார். அக்குறிப்பைப் படிப்போருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், எட்டாத உயரத்திலிருந்து எட்டும் உயரத்துக்கு இலக்கை இறக்கிவைத்த நேர்மை அதில் உள்ளது.

1775ஆம் ஆண்டில், இத்தனை முறை தோற்ற பிறகும் மீண்டும் ஏன் உறுதி எடுக்கிறோம் என்று தம்மையே வினவிக்கொண்டார். திருந்துதல் இன்றியமையாதது, நம்பிக்கை இழப்பதோ குற்றம் என்பதே அவர் கண்ட விடை. மறுபடியும் உறுதி எடுத்தார். மறுபடியும் தவறினார்.

1777ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய நாள், புத்தக வணிகர் மூவர் அவரைத் தேடி வந்தனர். ஆங்கிலக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றுக்குச் சிறு முன்னுரைகள் வேண்டும் என்றனர். 67 வயது முதியவரான ஜான்சன் 200 கினி கேட்டார். அதைவிடப் பன்மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பர். சிறு முன்னுரைகளாகத் தொடங்கியவை முழு வரலாறுகளாக விரிந்தன. 1781ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 52 கவிஞர் வரலாறும் நிறைவுற்றன. வழக்கம்போலத் தாமதித்தும் விரைந்தும், வேலை செய்ய மனமின்றியும் ஆனால் முழு வலிமையோடும் எழுதி முடித்ததாக அவர் நாட்குறிப்பு கூறுகிறது. எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் தம் இயல்பை மாற்றிக்கொண்டிருக்கவில்லை; அதனோடு எவ்வாறு வேலை செய்வது என்று அறிந்திருந்தார்.

இறுதி நாள்கள்

இளமையில் ஒருநாள், அட்டாக்ஸீட்டர் என்னும் ஊர்ச் சந்தையில் புத்தகக் கடையைப் பார்த்துக்கொள்ளுமாறு நோயுற்ற தந்தை கேட்டபோது, ஜான்சன் செருக்கினால் மறுத்துவிட்டார். அந்நினைவு அவரை விட்டு நீங்கவேயில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள் அவ்வூருக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த இடத்தில், தலையில் தொப்பியின்றி நெடுநேரம் நனைந்தவாறு நின்றார்.

1784ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கடைசிமுறையாக லிச்ஃபீல்டு சென்று, நவம்பரில் இலண்டன் திரும்பினார். நீர்க்கோவையும் மூச்சுத்திணறலும் அவரை வாட்டின. தந்தை இறந்து 53 ஆண்டுகளும், தாய் இறந்து 25 ஆண்டுகளும் ஆகியிருந்தன. டிசம்பர் 2ஆம் நாள், தந்தை, தாய், தம்பி ஆகிய மூவரின் கல்லறைக்கும் உரிய வாசகத்தை இலத்தீனில் எழுதி லிச்ஃபீல்டிலுள்ள நண்பருக்கு அனுப்பினார். பெரிய, உறுதியான கல்லில் அது பொறிக்கப்பட வேண்டும் என்றும், தாம் உயிரோடிருக்கும்போதே பணி முடிய வேண்டுமாதலால் இயன்றவரை விரைவுபடுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பதினொரு நாள்கள் கழித்து, டிசம்பர் 13ஆம் நாள் மாலையில் ஜான்சன் காலமானார்.